சென்னை மாநகரப் பேருந்து: புதிதாக வந்தவர் ஏறவும், அளக்கவும், எழுதிக் கேட்கவும்

வேலைக்கோ படிப்புக்கோ சென்னை வந்து இறங்குகிறவர்களில் பலர், முதல் சம்பளம் கைக்கு வந்ததுமே பைக்குக்கு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். "இந்த ஊர் பஸ்ஸை நம்ப முடியாதுங்க" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னவர் எந்த ரூட்டில், எந்த நேரத்தில், எத்தனை நாள் போய்ப் பார்த்தார் என்று கேட்டால் பதில் வராது. நாளொன்றுக்கு 30 லட்சம் பேருக்கு மேல் ஏறி இறங்குகிற பஸ் இது. குறை இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் குறை எங்கே என்று தெரிந்துகொண்டால் பாதி நேரம் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். மீதி நேரம் உரிய இடத்தில் எழுதிக் கேட்கலாம். இரண்டையும் எப்படிச் செய்வது என்று, பல வருடமாக இந்த பஸ்ஸில் போய்வருகிற அனுபவத்தில் எழுதுகிறேன்.

ஒரு சின்ன வரலாறு மட்டும். வயதானவர்கள் இன்னும் "பல்லவன் பஸ்" என்பார்கள், குழம்ப வேண்டாம். 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. 1994இல் அதிலிருந்து டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் பிரிந்தது. 2001இல் இரண்டும் சேர்ந்து மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆயின. மக்கள் வாயில் எம்டிசி.

1. எண்ணை மட்டும் பார்த்து ஏறாதீர்கள்

எண், கடைசி நிறுத்தம், போகும் வழி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 29சி பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகிறது. 23சி அயனாவரத்திலிருந்து அதே பெசன்ட் நகர் போகிறது. முன்னது மயிலாப்பூர் பக்கம் போகும், பின்னது அண்ணா சாலை, சைதாப்பேட்டை வழி. "பெசன்ட் நகர்" என்று போர்டில் இருப்பதைப் பார்த்து ஏறிவிட்டு, மயிலாப்பூர் எப்போது வரும் என்று சைதாப்பேட்டையில் கேட்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

அடுத்தது "கட் சர்வீஸ்". எண் அதேதான், ஆனால் வண்டி கடைசிவரை போகாமல் பாதியில் திரும்பிவிடும். ஏறும்போதே கண்டக்டரிடம் "கட் வண்டியாண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எண்ணுக்கு முன்னால் 'எஸ்' இருந்தால் அது சிற்றுந்து, அதாவது ஸ்மால் பஸ். 2013இலிருந்து ஓடுகிறது. பெரிய பஸ் நுழைய முடியாத உள் தெருக்களிலிருந்து ரயில் நிலையத்துக்கும் மெயின் ரோட்டுக்கும் வந்து சேர இதைவிட வசதி வேறில்லை. வீடு பார்க்கும்போது பக்கத்தில் எஸ் வண்டி ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வருமா என்று கேட்பதைப் போல இதையும் கேட்க வேண்டும்.

மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கும் சாலைகளில் நிறுத்தங்கள் இடம் மாறியிருக்கும். பழைய நிழற்குடையில் நின்றுகொண்டிருந்தால் பஸ் எதிரே போய்விடும். அந்த இடத்துப் பூக்காரம்மாவிடமோ டீக்கடைக்காரரிடமோ கேளுங்கள். எந்த ஆப்பையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆப் வேண்டுமென்றால் இரண்டு உண்டு. 2022இல் வந்த "சென்னை பஸ்" ஆப், வண்டி இப்போது எங்கே வருகிறது என்று வரைபடத்தில் காட்டும். 2025 செப்டம்பரில் வந்த "சென்னை ஒன்" ஆப்பில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட் எடுக்கலாம்.

2. எந்த வண்டிக்கு என்ன காசு

சாதாரணக் கட்டண வண்டியை எல்லோரும் "வெள்ளை போர்டு" என்பார்கள். குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். அதற்கு மேலே எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், ஏசி என்று ஏறிக்கொண்டே போகும். ஒரே எண்ணில் இந்த வகைகளும் கலந்து வரும் என்பதுதான் புதியவர்களைத் தடுமாற வைக்கிறது.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இப்போது இதற்கு "விடியல் பயணம்" என்று பெயர். திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களின் துணையாளுக்கும் இதே சலுகை உண்டு. அடையாளம் தெரிய பல வண்டிகளில் முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்திருக்கிறார்கள். வண்ணம் இல்லையென்றால் கேட்டுவிட்டு ஏறலாம், கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஒன்றை மறக்காதீர்கள்: காசு இல்லையென்றாலும் டிக்கெட் உண்டு. அந்தக் கட்டணமில்லாப் பயணச்சீட்டைக் கேட்டு வாங்கி, இறங்கும்வரை கையில் வைத்திருக்க வேண்டும். அந்த ரூட்டில் எத்தனை பெண்கள் போகிறார்கள் என்ற கணக்கு அந்தச் சீட்டில்தான் ஏறுகிறது. வாங்காமல் விட்டால், நாளை அங்கே கூடுதல் வண்டி கேட்கும்போது உங்கள் தலை கணக்கில் இருக்காது.

60 வயதான சென்னைவாசிகளுக்கு மாதம் 10 இலவச டோக்கன் உண்டு. ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுப்பார்கள். அப்பா அம்மாவை அழைத்து வந்து வைத்துக்கொண்டவர்கள் பக்கத்து டிப்போவில் விசாரித்து வாங்கிக்கொடுங்கள்.

தினமும் போகிறவர்களுக்கு மாதப் பாஸ்தான் சரி. 1,000 ரூபாய் பாஸில் ஏசி தவிர மற்ற வண்டிகளில் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். 2025 மார்ச்சில் வந்த 2,000 ரூபாய் பாஸில் ஏசியும் சேர்த்தி. கவுண்டரில் வாங்கும் பாஸின் மாதம் 16ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 15இல் முடியும். 1ஆம் தேதிக் கணக்கில் போய் நின்று ஏமாறாதீர்கள்.

சில்லறைத் தகராறு இப்போது குறைந்திருக்கிறது. கண்டக்டரிடம் உள்ள கருவியில் யுபிஐ வழியாகவும் கொடுக்கலாம், 2025 ஜனவரியில் பஸ்ஸுக்கு வந்த "சிங்கார சென்னை" அட்டையையும் காட்டலாம். அட்டை மெட்ரோவிலும் செல்லும். ஆனாலும் சட்டைப் பையில் பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் நான்கு இருப்பது நல்லது. கூட்டத்துக்கு நடுவில் நெட்வொர்க் சுற்றிக்கொண்டு நின்றால் உங்களுக்கும் சங்கடம், பின்னால் நிற்பவருக்கும் சங்கடம். டிக்கெட் இல்லாமல் செக்கரிடம் மாட்டினால் 500 ரூபாய் வரை அபராதம்.

3. உள்ளே ஏறிய பிறகு

இடது பக்க இருக்கைகள் பெண்களுக்கு, வலது பக்கம் ஆண்களுக்கு. இடது பக்கம் காலியாக இருந்தால் ஆண்கள் உட்காரலாம், ஒரு பெண் வந்து நின்றால் எழுந்துவிட வேண்டும்.

சென்னைக்கே உரிய பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஊர்களில் கண்டக்டர் நம்மைத் தேடி வருவார். இங்கே பெரும்பாலும் அவர் பின்பக்கம் தன் இருக்கையில் உட்கார்ந்திருப்பார், காசுதான் அவரைத் தேடிப் போகும். நான் இந்த ஊருக்கு வந்த முதல் வாரம், சைதாப்பேட்டையில் முன்படியில் ஏறி 50 ரூபாய்த் தாளோடு விழித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்றவர் "எங்க போறீங்க?" என்று கேட்டு, தாளை வாங்கிப் பின்னால் நீட்டி, "ஒரு அடையாறு, பாஸ் பண்ணுங்க" என்றார். தாள் ஏழெட்டுக் கை மாறிக் கண்ணுக்கு மறைந்தது. போனது போனதுதான் என்று நினைத்தேன். இரண்டு நிறுத்தம் கழித்து, டிக்கெட்டில் சுற்றிய சில்லறை அதே கைகள் வழியாகத் திரும்பி வந்தது. ஒரு ரூபாய் குறையவில்லை. அன்றைக்கே இந்த ஊரோடு ஒட்டிக்கொண்டுவிட்டேன். நீங்களும் உங்கள் கைக்கு வரும் காசைக் கடத்திவிடுங்கள்.

சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், குழந்தையைத் தூக்கி வருகிறவர்கள் எல்லோரும் தாழ்தளப் பேருந்தைத் தேடிப் பிடிக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காக நடந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2024 ஆகஸ்ட் முதல் இவை ஓடுகின்றன. நிறுத்தத்தில் வண்டியின் இடது பக்கம் சாயும், சாய்தளம் விரியும். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின, அவையும் தாழ்தளம்தான். இந்தச் சாய்தளத்தால் பயன் வேண்டுமென்றால் வண்டி நடைபாதையை ஒட்டி வந்து நிற்க வேண்டும். நிறுத்தத்தின் முன்னால் ஆட்டோவும் காரும் நின்றால் அது நடக்காது. தயவுசெய்து உங்கள் வண்டியை அங்கே நிறுத்தாதீர்கள், உங்களுக்குத் தெரிந்தவர்களையும் நிறுத்த விடாதீர்கள்.

தொந்தரவு நேர்ந்தால் தயங்காதீர்கள். பல வண்டிகளில் கேமராவும் சிவப்பு அவசரப் பொத்தானும் உண்டு. ஏறியதும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். கண்டக்டரிடம் சத்தமாகச் சொல்லுங்கள், வண்டியே காவல் நிலையத்துக்குப் போகும். பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112.

4. ஒரு வாரம் அளந்து பாருங்கள்

சேவைத் தரம் என்பதைப் பலர் மனநிலையாக நினைக்கிறார்கள். உட்கார இடம் கிடைத்த நாளில் நல்ல பஸ், கிடைக்காத நாளில் மோசமான பஸ். அதற்கு அளவுகோல் இருக்கிறது. மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் நகரப் போக்குவரத்துக்கென்று சேவைத் தர அளவீடுகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலை வைத்திருக்கிறது. முதல் நிலை நல்லது, நான்காம் நிலை மோசம். அதில் இரண்டை நீங்களே அளக்கலாம்.

ஒன்று, காத்திருக்கும் நேரம். சராசரி 4 நிமிடத்துக்குள் என்றால் முதல் நிலை. 6 நிமிடம் வரை இரண்டாவது, 10 வரை மூன்றாவது, அதைத் தாண்டினால் நான்காவது.

இரண்டு, நெரிசல். மொத்தப் பயணிகளை இருக்கைகளால் வகுக்க வேண்டும். 1.5 வரை முதல் நிலை, 2 வரை இரண்டாவது, 2.5 வரை மூன்றாவது, அதற்கு மேல் நான்காவது. ஓடுகிற பஸ்ஸில் தலையெண்ணுவது எப்படி என்று மலைக்க வேண்டாம், நிற்பவர்களை மட்டும் எண்ணுங்கள். 40 இருக்கை உள்ள வண்டியில் 20 பேர் நின்றால் இன்னும் முதல் நிலைதான். 40 பேர் நின்றால் இரண்டாம் நிலையின் விளிம்பு. 60 பேரைத் தாண்டி நின்றால் நான்காம் நிலை. காலை 8.30க்கு எண்ணவே முடியாத அளவுக்கு நெருக்கினால், எண்ணிக்கை தேவையில்லை, நான்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். திங்கள் முதல் சனி வரை, நிறுத்தத்துக்கு வந்த நேரம், உங்கள் வண்டி வந்த நேரம், நின்றதா நிற்கவில்லையா, உள்ளே எத்தனை பேர் நின்றார்கள், இறங்கிய நேரம் என்று ஐந்தை மட்டும் கைபேசியில் குறித்து வாருங்கள். ஆறே நாளில் உங்கள் ரூட்டின் குணம் தெரிந்துவிடும்.

குறிக்கும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள். இருபது நிமிடம் எதுவும் வராது, பிறகு ஒரே எண்ணில் இரண்டு வண்டி ஒன்றன்பின் ஒன்றாக வரும். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நிறுத்தத்தில் எல்லோரும் திட்டுவார்கள். நடப்பது வேறு. முதல் வண்டி சிக்னலிலோ நெரிசலிலோ ஐந்து நிமிடம் தாமதமாகிறது. அந்த ஐந்து நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாகப் பத்துப் பேர் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏற நேரம் பிடிக்கிறது, வண்டி இன்னும் தாமதமாகிறது, அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வருகிற வண்டிக்கோ ஏற ஆளே இல்லை, காலி நிறுத்தங்களைக் கடந்து வேகமாக வந்து முன்வண்டியின் வாலைப் பிடித்துவிடுகிறது.

இதன் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு ஆறு வண்டி, பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம், இரண்டாம் நிலை. அதே ஆறு வண்டி ஜோடி ஜோடியாக இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் சராசரி 10 நிமிடம், மூன்றாம் நிலையின் கடைசிப் படி. அதே வண்டிகள், அதே டீசல், அதே ஊழியர்கள், உங்கள் காத்திருப்பு மட்டும் இரட்டிப்பு. அதனால்தான் வண்டி எண்ணிக்கையைப் போலவே இடைவெளியைக் காப்பதும் பெரிய வேலை என்கிறேன். பஸ்ஸுக்குத் தனித் தடம், நிறுத்தத்தை மறிக்கும் வாகனங்களை எடுப்பது, டெர்மினஸில் டைம் கீப்பர் இடைவெளி பார்த்து வண்டியை விடுவது எல்லாம் இதற்காகத்தான். உங்களால் முடிந்தது, முட்டி மோதி முதல் வண்டியில் ஏறாமல் இரண்டாவதற்கு நிற்பது. உட்காரவும் இடம் கிடைக்கும், முதல் வண்டியும் சீக்கிரம் கிளம்பும்.

எண்ணிக்கையும் குறைவுதான், அதை மறைக்க முடியாது. ஆயிரம் பேருக்கு 0.6 பஸ் இருந்தால்தான் அந்த அளவீட்டில் முதல் நிலை. 2011 கணக்கெடுப்பின்படியே சென்னைப் பெருநகரப் பகுதியில் 86 லட்சம் பேருக்கு மேல். அதற்கே 5,100க்கும் அதிகமான வண்டி வேண்டும். கழகத்திடம் இருப்பது சுமார் 3,400. அதாவது ஆயிரம் பேருக்கு 0.4ஐ எட்டாத அளவு, மூன்றாம் நிலை. 2011க்குப் பிறகு ஊர் எவ்வளவு பெருத்திருக்கிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது. "உள்ள போ, உள்ள போ" என்று கண்டக்டர் கத்துவதைக் கேட்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வைத்துக்கொண்டா இல்லையென்கிறார்? வர வேண்டிய வண்டி வராததற்கு, வந்த வண்டியில் இருப்பவரைத் திட்டுவது நியாயமில்லை.

5. யாரிடம் கேட்பது

இங்கேதான் முக்கால்வாசிப் புகார்கள் வீணாகின்றன. பஸ் சம்பந்தப்பட்ட எல்லாம் எம்டிசியின் கையில் இல்லை.

நிற்காமல் போனது, நடத்தை, வண்டியின் நிலை, ட்ரிப் ரத்து ஆகியவற்றுக்கு எம்டிசியின் 149. நிழற்குடை உடைந்தது, விளக்கு எரியாதது, நிறுத்தத்தில் குப்பை இவற்றுக்கு மாநகராட்சியின் 1913. நிறுத்தத்தை மறித்து நிற்கும் வாகனங்களுக்குப் போக்குவரத்துக் காவல்துறை. எதிலும் பதில் வரவில்லையென்றால் முதல்வரின் முகவரி, எண் 1100. மின்சாரப் பேருந்துகளை ஒப்பந்த நிறுவனம் ஓட்டுகிறது, கிலோமீட்டர் கணக்கில் அதற்குப் பணம் போகிறது. ஆனாலும் வழித்தடமும் டிக்கெட்டும் கழகத்தின் பொறுப்புதான், ஆகவே புகாரும் 149க்கே.

"உங்க பஸ் எப்பவுமே நிக்கறதில்ல" என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த வண்டி, எந்த ட்ரிப் என்று பிடிக்க அவருக்கு நூல் வேண்டும். இப்படிச் சொல்லுங்கள்:

"இன்ன தேதி, மாலை 6.42. இன்ன நிறுத்தம், இன்ன ஊர் நோக்கிப் போகும் திசை. வழித்தட எண் இது, பதிவெண் இது. நிறுத்தத்தில் எட்டுப் பேர் நின்றோம். வண்டி நடுத்தடத்திலேயே போய்விட்டது, உள்ளே நிற்க இடம் இருந்தது. இந்த வாரம் இதே ட்ரிப்பில் இது மூன்றாம் முறை."

பதிவெண் வண்டியின் முன்னும் பின்னும் இருக்கும். தமிழ்நாட்டில் அரசுப் பேருந்துகளின் பதிவெண்ணில் 'என்' எழுத்து வரும், அதையும் சேர்த்துக் குறியுங்கள். வண்டிக்குள் இருந்தால் டிக்கெட்டே சாட்சி. தேதி, நேரம், வழித்தடம் எல்லாம் அதில் அச்சாகி வருகிறது. இறங்கியதும் கசக்கிப் போடாதீர்கள். பையை மறந்து இறங்கினாலும் இந்தச் சீட்டோடு டெர்மினஸ் டைம் கீப்பரிடம் போனால்தான் எந்த வண்டி என்று கண்டுபிடிக்க முடியும்.

புகார் சொன்னதும் பதிவு எண் கேட்டு வாங்குங்கள். ஒரே குறையை ஒரே நிறுத்தத்துக்காரர்கள் நாலைந்து பேர் தனித்தனியாகப் பதிவு செய்தால் பலம் கூடும்.

தனி ஒருவரின் நடத்தை இல்லை, ரூட்டே சரியில்லை என்று உங்கள் ஒரு வாரக் குறிப்பு காட்டினால் அடுத்த படிக்குப் போகலாம். 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு எழுதுங்கள். ஏன் வண்டி விடவில்லை என்று கேட்காதீர்கள், "ஏன்" என்ற கேள்வியைத் தட்டிக்கழிப்பது எளிது. ஆவணத்தைக் கேளுங்கள்: "வழித்தட எண் இன்னதில், கடந்த மூன்று மாதங்களில் ஒவ்வொரு நாளும் திட்டமிடப்பட்ட நடைகள் எத்தனை? இயக்கப்பட்ட நடைகள் எத்தனை? ரத்தான நடைகளுக்குப் பதிவேட்டில் உள்ள காரணம் என்ன?" அலுவலகத் தமிழில் ட்ரிப்புக்கு "நடை" என்று பெயர், அந்தச் சொல்லையே எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த தாளை உங்கள் குறிப்போடு சேர்த்து வார்டு கவுன்சிலரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொடுங்கள். வெறும் ஆதங்கத்தோடு போகிறவரைவிடக் கணக்கோடு போகிறவரை உட்கார வைத்துப் பேசுவார்கள்.

இன்னொன்றும் உண்டு, யாரும் செய்யாதது. மழை நாளில் நிறுத்தத்தைத் தாண்டி நிழற்குடை இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்திய டிரைவர், பார்வையற்றவரைக் கைபிடித்து இறக்கிவிட்டுச் சாலையைக் கடக்க வைத்த கண்டக்டர் என்று யாரையாவது பார்த்தால், அதே 149க்கு அழைத்து அதே விவரங்களோடு சொல்லுங்கள். வழித்தடம், பதிவெண், நேரம். திட்டு மட்டுமே வந்து சேர்கிற அலுவலகத்துக்கு இப்படி ஒரு அழைப்பு போனால் அது அந்த டிப்போவுக்கும் போய்ச் சேரட்டும்.